கைப்பையின் வாரைக் கழற்றினேன்

போன செவ்வாய்க்கிழமை காலை. வெளியே பனி இன்னும் கலையவில்லை. கொட்டகலை ஸ்டேஷன் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால், சேலை கட்டிய இளம் பெண் ஒருத்தி. தோளில் புத்தகப் பை, கையில் ஒரு சொப்பிங் பேக்.

"தபால் மிஸ் வீடு இதுதானுங்களா?"

இதுதான். தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகிறது. ஊருக்கு நான் இன்னும் தபால் மிஸ்தான்.

"பேக் ரிப்பேரா? உள்ள வாங்க" என்றேன். என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் இப்படித்தான் வருவார்கள், பழைய பையை இன்னொரு பைக்குள் ஒளித்துக்கொண்டு.

அவள் உள்ளே வரவில்லை. சொப்பிங் பேக்கிலிருந்து ஒரு பிரவுன் தோல் பையை எடுத்து நீட்டினாள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என் கையால் மூன்று தடவை ரிப்பேர் செய்த பை... தெரியாமல் போகுமா?

"ரிப்பேர் இல்ல மிஸ். திருப்பிக் குடுத்துட்டு வரச் சொன்னாங்க அம்மா. அவங்களுக்கு இது வேணாமாம்."

"ஏன், தையல் விட்டுருச்சா?"

"தையல் நல்லாத்தான் இருக்கு" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "பேப்பர்ல எழுதினீங்களே மிஸ்... அதுதான்."

இந்தப் பக்கத்தைத் தவறாமல் படிக்கிறவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று வாரங்களுக்கு முன்னால் 'ராஜாத்தி அக்காவின் கிரீடம்' என்று ஒன்று எழுதினேன். எத்தனை பேர் போன் செய்து சிரித்தீர்கள்! லிந்துலையிலிருந்து ஒருவர், "வயிறு வலிக்குது மிஸ்" என்றார். எனக்கும் அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அதைப் படிக்காதவர்களுக்காக மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பழைய தோல் பைகளுக்கும் எனக்கும் உள்ள சிநேகிதம் உங்களுக்குத் தெரியும். ஹட்டனில் பேல் கடைகளில் வெளிநாட்டிலிருந்து வரும் பழைய துணி மூட்டைகளுக்கு நடுவே கைப்பைகளும் வரும். நசுங்கி, வார் அறுந்து, வளையம் கழன்று, உள்துணி கிழிந்து. அவற்றில் பாதி ரெக்சின். ரெக்சின் உரிந்தால் உரிந்ததுதான், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் நிஜத் தோல் என்றால் கதை வேறு. கட்டைவிரலால் அழுத்தினால் மெல்லச் சுருங்கி, விட்டதும் திரும்பும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

நம் ஊர்த் தோலுக்கு முதல் எதிரி பூசணம். இரண்டு வாரம் அலமாரியில் வைத்து மறந்தால் போதும், மாவு தூவிய மாதிரி வெள்ளை படிந்துவிடும். வினிகர் கலந்த தண்ணீரில் துடைத்து, சோப்பு நுரையால் துடைத்து, நிழலில் காயவைத்து, பிறகு எண்ணெய். நிழலில் காயவை என்று யூடியூப்பில் எல்லோரும் சொல்கிறார்கள். இங்கே நிழலைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அவசரப்பட்டு ஒரு தடவை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். அந்தப் பை அப்பளம் மாதிரி ஆனது.

இரண்டு ஊசி, மெழுகு தடவிய ஒரே நூல். ஒரே ஓட்டைக்குள் இந்தப் பக்கமிருந்து ஒன்று, அந்தப் பக்கமிருந்து ஒன்று. அப்படித் தைத்தால் ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது நிற்கும். இதெல்லாம் முன்னாலேயே எழுதிவிட்டேன். இன்னொன்றும் எழுதியிருக்கிறேன், பெருமையாக, பலமுறை: "ஒரு பை தேய்ந்திருக்கும் இடத்தைப் பார்த்தால் அதைச் சுமக்கிற ஆளைச் சொல்லிவிடுவேன்."

அந்தப் பெருமைதான் வினையாகப் போனது.

இந்த பிரவுன் பை முதலில் என்னிடம் வந்தபோது வளையம் பிய்ந்திருந்தது. கொண்டுவந்தவர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்க்கிற அக்கா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போவார்களே, அந்த இடம். அதிகம் பேசமாட்டார். பையைக் கொடுப்பார், எப்போது வரட்டும் என்று கேட்பார், போய்விடுவார். மகள் படிக்கப் போன வருடம் பேல் கடையில் தேடி எடுத்துக் கொடுத்த பை என்று மட்டும் ஒரு தடவை சொன்னார்.

இரண்டாம் தடவை வந்தபோது வாரின் நடுவில் வெடிப்பு. மூன்றாம் தடவை அதே இடத்தில் அறுந்தே போயிருந்தது.

நடுவிலா? தோளில் மாட்டுகிற பை வளையத்துக்குப் பக்கத்தில்தான் தேயும். இது நட்டநடுவில். அதுவும் கறுத்து, மெழுகிப்போய், மூக்கருகே கொண்டுபோனால் தேங்காய் எண்ணெய் வாசம்! தோளுக்கு யார் எண்ணெய் வைக்கிறார்கள்? பத்து நிமிடம் யோசித்தேன். பிறகு தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தேன். அந்த அக்கா ஹேண்ட்பேக்கைத் தலையில் மாட்டுகிறார்! கொழுந்து மூட்டையின் கயிற்றை நெற்றிக்கு மேலே மாட்டி முதுகில் தொங்கவிடுகிற மாதிரியே, பேல் கடை லெதர் ஹேண்ட்பேக்கையும்.

சிரித்ததோடு நிறுத்தியிருக்கலாம். நான் இரண்டு காரியம் செய்தேன்.

ஒன்று, அந்த வாரை மறுபடி தைக்கவில்லை. கழற்றி வெட்டுத்துண்டுப் பெட்டியில் போட்டேன். அதற்குப் பதிலாக அழகான இரண்டு குட்டைக் கைப்பிடிகள் செய்து வைத்தேன். கையில் பிடிக்கலாம், முழங்கையில் தொங்கவிடலாம். தலைக்கு மட்டும் போகாது. அந்த அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வாங்க வந்தபோது அவர் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வார் இல்லீங்களா மிஸ்?" என்றார். "இதுதான் இப்ப பேஷன். சும்மா ஜம்முன்னு பிடிச்சுக்கிட்டுப் போங்க" என்றேன். சரிங்க என்று வாங்கிக்கொண்டு போனார்.

இரண்டாவது காரியம், அதை எழுதினேன். பெயரை ராஜாத்தி என்று மாற்றினேன். கடைசி வரி இது: "மனிதர்களைத் திருத்துவது கஷ்டம், பையைத் திருத்தினால் போதும், மனிதர்கள் தானாகத் திருந்துவார்கள்."

இந்த வரிக்குத்தான் அத்தனை போன்.

இனி வாசலில் நின்ற பெண்ணுக்கு வருகிறேன். அவள் அந்த அக்காவின் மகள். இங்கேதான் ஆசிரியப் பயிற்சியில் இருக்கிறாள். கோபமாகப் பேசவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன்.

"பேரத்தான் மாத்துனீங்க மிஸ். பிள்ளைக் காம்பரா அக்கா, பிரவுன் பேக்குன்னு எழுதினா எங்க பக்கத்துல யாருக்குத் தெரியாது? தோட்டத்து வாட்ஸப் குரூப்புல அத போட்டோ புடிச்சுப் போட்டுட்டாங்க. பஸ்ல ஏறினா கண்டக்டர், 'கிரீடம் வருது, வழி விடுங்க'ங்கறாரு. எல்லாரும் சிரிக்கிறாங்க."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"அந்த பஸ்ல ஏறுறத நிப்பாட்டிட்டாங்க. கீழ் ரோட்டு வரைக்கும் நடந்து போயி வேற பஸ் பிடிக்கிறாங்க. வரும்போதும் அப்படித்தான், பால்மா சுமையோட."

அப்போதும் கைத்தொழில்காரப் புத்தி விடவில்லை பாருங்கள், அசட்டுத்தனமாகக் கேட்டேன்: "பையத் தோள்ல மாட்டியிருக்கலாமேம்மா?"

"எந்தத் தோள்ல மிஸ்?" என்றாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவள் அம்மா கொழுந்தெடுக்கும்போது வழுக்கி, தண்ணீர் போகிற கானுக்குள் விழுந்திருக்கிறார். வலது தோள் இறங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் கொழுந்து வேலையை விட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். அந்தத் தோளில் துணி அழுத்தினாலும் வலிக்குமாம். வாரம் ஒரு தடவை டவுனுக்குப் போய்ப் பிள்ளைகளுக்குப் பால்மாவும் பிஸ்கட்டும் வாங்கி வரவேண்டும். பஸ்ஸை விட்டு இறங்கினால் மேலே தோட்டத்து டிவிஷனுக்குப் படி ஏறவேண்டும், பாசி பிடித்த படி.

"இடது கையில பால்மா. வலது கை படியோரக் கம்பியப் பிடிச்சுக்கும். இடது தோள்ல மாட்டினா வழுக்கி வழுக்கி முழங்கைக்கு வந்துரும். குறுக்கால போட்டா, குனிஞ்சு ஏறுறப்ப முன்னால வந்து காலத் தட்டும். தலைதான் மிஸ் மிச்சம். நீங்க கைப்பிடி வச்சுக் குடுத்தீங்க... அம்மாவுக்கு இருக்கறது ரெண்டு கைதானே?"

பஸ் வருகிறது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பை என் மேசைமேல் இருந்தது. நான் வைத்த இரண்டு கைப்பிடிகளும் நிமிர்ந்து நின்றன. நல்ல வேலைப்பாடுதான், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வெட்டுத்துண்டுப் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினேன். அந்தப் பழைய வார் கிடைத்தது. நடுவில் கறுத்திருந்த இடத்தை மறுபடி தடவிப் பார்த்தேன். எண்ணெய், வியர்வை, வளைவு எல்லாவற்றையும் நான் சரியாகத்தான் படித்திருந்தேன். எங்கே மாட்டுகிறார் என்று கண்டுபிடித்த கெட்டிக்காரிக்கு, எதற்காக மாட்டுகிறார் என்று கேட்க வாய் வரவில்லை. மூன்று தடவை என் எதிரில் வந்து நின்றாரே, ஒரு தடவையாவது வலது கையைத் தூக்கினாரா? யோசித்துப் பார்க்கிறேன். பையை எப்போதும் இடது கையால்தான் நீட்டினார். நான் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அப்பா தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். நாங்கள் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள். எதிர் மலையில் தலையில் கயிறு மாட்டிக்கொண்டு பெண்கள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தேன். மூட்டையை மாட்டினால் அது வேலை, பார்த்துப் பழகிய காட்சி. ஹேண்ட்பேக்கை மாட்டினால் மட்டும் ஏன் எனக்குச் சிரிப்பு வந்தது? ஹேண்ட்பேக் எங்களுக்கு உரியது என்று மனசுக்குள் எங்கேயோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவரை எழுதும்போது வராத வெட்கம் என்னை எழுதும்போது மட்டும் வந்தால் நியாயமா?

மூன்று நாள் வேறு வேலை பார்க்கவில்லை. பேல் கடையில் வாங்கி வைத்திருந்த பழைய லெதர் ஜாக்கெட் ஒன்றின் முதுகுப் பக்கத்தை வெட்டினேன். ஓரங்களில் ஒடுக்கமாக, நடுவில் நாலு விரல் அகலமாக ஒரு வார். தலையில் படுகிற இடத்தில் உள்ளே மெத்தென்று பருத்தித் துணி. வளையத்துக்கு இரட்டை ரிவெட். அந்த அழகான கைப்பிடிகளின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பிரிப்பதற்குத் தைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது.

சனிக்கிழமை கிளம்பினேன். ஹட்டனில் பஸ் மாறி, வளைவுக்கு வளைவு கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, ஒருவழியாக இறங்கும்போது தூறல் ஆரம்பித்துவிட்டது. படிகளைப் பார்த்தேன். ஒரு கையில் குடை. இன்னொரு கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பணிஸ் ரொட்டிப் பார்சல். தோளில் அந்தப் பை.

பத்துப் படி ஏறுவதற்குள் பை முழங்கைக்கு வந்தது. தூக்கிப் போட்டேன். மறுபடி வந்தது. குடையை மடக்கிவிட்டுக் கம்பியைப் பிடித்தேன். பை பார்சலில் இடித்தது. குனிந்தால் முன்னால் வந்து தொங்கியது. மகள் சொன்னது ஒவ்வொன்றும் வரிசையாக நடந்தது. பாதி வழியில் நின்றேன், மூச்சு வாங்கியது. சுற்றும் முற்றும் பார்த்தேன். யாரும் இல்லை.

பையைத் தலையில் மாட்டினேன்.

ஒரு படி ஏறினேன். இன்னொரு படி. பை முதுகோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் வந்தது. இரண்டு கையும் எனக்கே திரும்பக் கிடைத்தன. ஆகா, இவ்வளவுதானா! பதினைந்து படி ஏறியிருப்பேன். மேலே வளைவில் யாரோ பேசிக்கொண்டு இறங்கி வருகிற சத்தம் கேட்டது.

வெடுக்கென்று கழற்றிவிட்டேன்.

இரண்டு பெண்கள் இறங்கி வந்தார்கள். "யார் வீட்டுக்குங்க?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு வழி விட்டார்கள். நான் பையைத் தோளில் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வியர்த்துப்போய் நின்றேன். கழற்றிய அந்த வேகத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. நாலு வருடமாக ஒரு மனுஷி யாரையும் பார்த்துக் கூசாமல் செய்துகொண்டிருந்த காரியம் அது. அதில் வெட்கத்தைக் கொண்டுபோய் வைத்தவள் நான்.

பிள்ளைக் காம்பராவில் நாலைந்து சேலைத் தொட்டில்கள். எல்லாவற்றிலும் தூக்கம். அந்த அக்கா ஒரு தொட்டிலை இடது கையால் ஆட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழுந்தார். "வாங்க மிஸ்" என்றார். அதில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார்.

"நான் செஞ்சது தப்புங்க. வாரக் கழட்டினதும் தப்பு, எழுதினதும் தப்பு. உங்களக் கேட்டிருக்கணும். மன்னிச்சிருங்க" என்றேன். வரும் வழியெல்லாம் நீளமாக யோசித்து வைத்திருந்தேன். வாயில் வந்தது இவ்வளவுதான்.

அவர் புது வாரை விரலால் அழுத்திப் பார்த்தார். உள்ளே வைத்த துணியைத் தடவிப் பார்த்தார்.

"நல்லா அகலமா வச்சிருக்கீங்க" என்றார்.

"ஒரு தடவ மாட்டிப் பாருங்களேன். நீளம் சரியான்னு பாத்துரலாம்."

"அப்புறமா பாத்துக்கறேன் மிஸ்."

எழுந்துபோய்ச் சுவர் ஆணியில் மாட்டினார். அந்த 'அப்புறமா'வுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். என் எதிரில் அவர் இனி அதைத் தலையில் மாட்டப் போவதில்லை. நான் இல்லாதபோதாவது மாட்டுவாரா? அதைக் கேட்கிற உரிமை எனக்கு இல்லை. எந்தத் தோலையும் பழைய நிலைக்குக் கொண்டுவருவேன் என்று உங்களிடம் எத்தனை தடவை பீற்றியிருப்பேன்!

டீ குடித்து முடித்தேன். "இதப் பத்தி பேப்பர்ல எழுதலாமா?" என்று கேட்டேன். இந்தத் தடவை முதலில் கேட்டேன். "வேணாம்னா விட்டுடறேன். எழுதினா உங்க பேர எங்கயும் போடமாட்டேன்."

அவர் என்னை முதல் தடவையாக நேராகப் பார்த்தார்.

"பேரு மாத்திப் போட்டதுதான் மிஸ் எனக்கு ரொம்பக் கஷ்டமா போச்சு. பஸ்ல சிரிச்சாங்க, சிரிக்கட்டும், நாள் போனா மறந்துருவாங்க. ஆனா பேரு மாத்திப் போடறது எதுக்குங்க? திருட்டு, தண்ணி, ஓடிப்போனதுன்னு எழுதறப்பதானே மாத்துவாங்க? நான் என்ன பண்ணிட்டேன்? பால்மா தூக்கிக்கிட்டுப் படி ஏறினேன்."

தொட்டிலில் ஒரு பிள்ளை சிணுங்கியது. போய் ஆட்டிவிட்டு வந்தார்.

நான் நினைத்ததே வேறு. பெயரை மாற்றியது ஒரு மரியாதை என்று நினைத்திருந்தேன். என் கட்டுரையிலேயே ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான் என்று பஸ்ஸில்கூட என்னை நானே தேற்றிக்கொண்டு வந்தேன்.

"எழுதுங்க மிஸ்" என்றார். "என் பேரப் போட்டு எழுதுங்க. தலையில மாட்டுவாங்கன்னும் போடுங்க. அது பொய்யில்லையே."

வாசல்வரை வந்தார். "படி வழுக்கும், பாத்துப் போங்க" என்றார். கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கிற முகம் இல்லை.

மூன்று வாரங்களுக்கு முன்னால் சிரித்தவர்கள் எல்லோரும் இதையும் படியுங்கள். முக்கியமாக, அந்த பஸ்ஸில் போகிறவர்கள். பெயரில் ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அவர் பெயர் முத்தையா செல்வமணி. பையைத் தலையில்தான் மாட்டுவார்.